வாங்கும் கணனியா, பூட்டும் கணனியா?



“வீடும் விஞ்ஞானமும்” பகுதியில் இம்முறை எடுத்துக்கொண்ட விடயம் பிள்ளைகளுக்குரியது போலத் தோன்றும். ஆயினும் பணம் கொடுப்பவர்கள் பெற்றோர்களாகையால் இது அவர்களுக்கென்றே எழுதப்படுகிறது. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வேளையில் இக்கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: “பிள்ளை கேமிங் கணனி கேட்கிறான். கடையில் ஆயத்தமாக விற்பதை வாங்குவது வீண்செலவாம். பாகங்களை வாங்கித் தானே பூட்டினால் மலிவாம். இது உண்மைதானா?”

சுருக்கமான மறுமொழி இதுதான்: சில காலங்களில் உண்மை, சில காலங்களில் இல்லை. ஆனால் மலிவு என்பது இங்கே இரண்டாவது கேள்வி. கணனி நின்றுபோகும் நாளில் அதைத் திறந்து பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே முதலாவது கேள்வி. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகவே ஒழுங்குக்கு வரும். நல்ல கேமிங் கணனி ஒன்றுக்கு ஆயிரம் பவுண் வரையும் அதற்கு மேலும் செலவாகிறது. இரவு வேலையும் மேலதிக நேர வேலையும் செய்து சேர்த்த காசு அது. ஆகையால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அன்று 20 பவுண்

பிரித்தானியாவில் இக்கேள்வி புதியதன்று. 1980ஆம் ஆண்டில் சிங்கிளெயர் நிறுவனம் இசட்எக்ஸ்80 என்னும் சிறு கணனியை விற்பனைக்கு விட்டது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டுவோருக்கு அதன் விலை 79.95 பவுண். பூட்டிய நிலையில் வாங்குவோருக்கு 99.95 பவுண். அடுத்த ஆண்டு வந்த இசட்எக்ஸ்81 கணனிக்கு அவ்விலைகள் முறையே 49.95 பவுணும் 69.95 பவுணும் ஆகும். இரண்டிலும் வித்தியாசம் சரியாக 20 பவுண். அந்த 20 பவுணுக்குச் சுவர் மின்சாரத்துக்கான அடாப்டரும் சேர்ந்து கிடைத்தது. ஈயம் உருக்கி ஒட்டும் வேலையை இன்னொருவர் செய்வார், பெட்டியைத் திறந்ததும் பொருள் வேலை செய்யும் என்ற நம்பிக்கையும் கிடைத்தது. அன்று அந்த 20 பவுணை மிச்சம் பிடிக்க நினைத்தவர்களுக்கு ஒட்டுக்கோல் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று ஒட்டுக்கோல் தேவையில்லை. 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஐபிஎம் நிறுவனம் தனது தனியாள் கணனியைப் பல நிறுவனங்களின் பாகங்களைக் கொண்டு அமைத்தது. அதே அமைப்பைப் பின்பற்றி வேறு நிறுவனங்களும் கணனி செய்யத் தொடங்கின. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்னும் பொது அளவை வெளியிட்டது. மதர்போர்ட்டின் ஆணித் துவாரங்கள் எங்கே இருக்க வேண்டும், மின்சாரம் எந்தச் செருகியால் வர வேண்டும் என்பவற்றை அது வரையறுத்தது. ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் இன்னொரு நிறுவனத்தின் பாகம் பொருந்துவது இதனால்தான். ஒரு திருப்புளியும் பொறுமையும் இருந்தால் சைக்கிள் பூட்டுவதுபோல் இன்று கணனியையும் பூட்டலாம்.

பெட்டிக்குள் இருப்பவை

கணக்குப் பார்க்குமுன் பாகங்களின் பெயரை அறிந்துகொள்வது நல்லது. கணிக்கும் வேலையைச் செய்யும் புரொசெசர், அதன் சூட்டைத் தணிக்கும் கூலர், எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்ட், ரேம் எனப்படும் நினைவகம், விளையாட்டுக்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி, படங்களைத் திரைக்குத் தீட்டித்தரும் கிராபிக்ஸ் கார்ட், சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தைப் பதமாக மாற்றித் தரும் பவர் சப்ளை, இவற்றை வைக்கும் பெட்டி என எட்டு உண்டு. ஒன்பதாவதாக விண்டோஸ் உரிமத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரை, விசைப்பலகை, மவுஸ் ஆகியன வேறு செலவு.

கேமிங் கணனியில் பெரும்பாலும் விலை கூடிய பாகம் கிராபிக்ஸ் கார்ட்தான். ஆனால் கணனி நீண்டகாலம் உழைப்பது அநேகமாகக் கண்ணில் படாத இரண்டு பாகங்களைப் பொறுத்தது. அவை பவர் சப்ளையும் மதர்போர்ட்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் கிராபிக்ஸ் கார்ட்டின் பெயர் இருக்கும். இவ்விரண்டின் பெயரைத் தேடிப் பார்த்தாலும் சில வேளை கிடைக்காது. விலையைக் குறைக்க நினைக்கும் கடைக்காரர் கை வைப்பது பெரும்பாலும் இங்கேதான்.

விலையைக் கணக்கிடும் முறை

யாரும் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரு தாளை எடுங்கள். ஆயத்தக் கணனியில் உள்ள எட்டுப் பாகங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொன்றும் தனியே என்ன விலை என்று ஒரே நாளில் விசாரித்து எழுதுங்கள். விண்டோஸ் உரிமத்தைக் கடையில் முறையாக வாங்க நூறு பவுணுக்கு மேல் ஆகும், அதையும் மறவாமல் சேருங்கள். கூட்டிவந்த தொகையை ஆயத்தக் கணனியின் விலையிலிருந்து கழித்தால் வருவதே பூட்டுகூலியும் உத்தரவாதமும். அது நூறு பவுணுக்குள் இருந்தால் அதனை அநியாய விலை என்று சொல்ல முடியாது. இருநூறு, முந்நூறு என்று போனால் ஏன் என்று கேட்க வேண்டும்.

இந்த வித்தியாசம் எக்காலத்திலும் ஒரேயளவாக இருப்பதில்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கிராபிக்ஸ் கார்ட்களுக்குப் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. நோய்ப்பரவலால் வீட்டிலிருந்தோர் ஒருபுறம், எதீரியம் என்னும் மின்பணத்தை ஈட்டுவதற்காகக் கார்ட்களை மொத்தமாக அள்ளியோர் மறுபுறம். தனிக்கார்ட் கிடைக்காமல் அலைந்தவர்கள் பலர், கார்ட்டுக்காகவே முழுக் கணனியை வாங்கினார்கள். 2022 செப்டெம்பரில் எதீரியம் தனது முறையை மாற்றியதோடு அந்தத் தேவை அற்றுப்போயிற்று. பின்னர் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செயற்கை அறிவுக் கணனி நிலையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கியமையால் ரேம் விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசெம்பரில் மைக்ரோன் நிறுவனம், வீட்டுப் பாவனையாளருக்கென நடத்திவந்த குரூசல் வியாபாரத்திலிருந்து விலகுவதாகவே அறிவித்தது. இத்தகைய காலங்களில், பழைய விலையில் பாகங்களை வாங்கி வைத்திருந்த கடைக்காரரின் ஆயத்தக் கணனி, நாம் பூட்டுவதைவிட மலிவாக அமையக்கூடும். ஆகவே “பூட்டினால் எப்போதும் மலிவு” என்பது பழைய பாடம். தாளும் பென்சிலும்தான் இன்றைய பாடம்.

ஆயத்தமாக வாங்குவோர் கவனிக்க

முதலாவது, கிராபிக்ஸ் கார்ட்டின் பெயரோடு அதன் நினைவக அளவையும் கேளுங்கள். உதாரணமாக 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ என்னும் கார்ட் 8 ஜிபியிலும் உண்டு, 16 ஜிபியிலும் உண்டு. பெயர் ஒன்று, பொருள் வேறு. புதிய விளையாட்டுக்கள் சிலவற்றில் 8 ஜிபி போதாமல் படம் தடுமாறும்.

இரண்டாவது, ரேம் ஒரு துண்டா, இரண்டு துண்டா என்று கேளுங்கள். 16 ஜிபி ஒரே துண்டாக இருப்பதைவிட எட்டும் எட்டுமாக இரண்டு துண்டாக இருந்தால் இரு வழியால் தகவல் ஓடும், வேகம் கூடும்.

மூன்றாவது, பவர் சப்ளையின் தயாரிப்பாளர் யார் என்று கேளுங்கள். அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் “80 பிளஸ்” முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாகத்தின் தரத்துக்கு அது நற்சான்றிதழ் அன்று. “600 வாட்” என்று மட்டும் சொல்லிப் பெயர் சொல்லத் தயங்கும் கடையில் நாமும் தயங்க வேண்டும்.

நான்காவது, மதர்போர்ட்டும் பவர் சப்ளையும் பொது அளவைக் கொண்டவையா என்று கேளுங்கள். பெரிய நிறுவனங்கள் சில, தமக்கே உரிய வடிவத்தில் இவற்றைச் செய்வதுண்டு. ஐந்து வருடத்தின்பின் பவர் சப்ளை பழுதானால் கடையில் வாங்கிப் போட முடியாது. கிராபிக்ஸ் கார்ட் நன்றாக இருந்தும், ஒரு சிறு பாகத்துக்காக முழுக் கணனியும் கழிவாகிவிடும். ஆயத்தக் கணனியில் கவனிக்க வேண்டிய குறைகளுள் இதுவே பெரியது.

கணனி வீட்டுக்கு வந்ததும் உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். போக்குவரத்தில் கார்ட் அசையாமலிருக்கச் சிலர் பெட்டிக்குள் காற்றுப் பையோ நுரைத் துண்டோ வைத்து அனுப்புவார்கள். கொடுத்துள்ள குறிப்புப்படி பக்கத் தகட்டைக் கழற்றி அதை எடுத்துவிட வேண்டும். திரையின் கேபிளை மதர்போர்ட்டின் துவாரத்தில் செருகாமல் கிராபிக்ஸ் கார்ட்டில் செருக வேண்டும். தவறினால், வாங்கிய கார்ட் சும்மா இருக்கும். 144 ஹேர்ட்ஸ் திரை வாங்கியிருந்தால் விண்டோஸ் அமைப்பில் அந்த எண்ணைத் தெரிவுசெய்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் வீட்டில் அது 60இலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

சட்டம் யார் பக்கம்?

பொறுப்பு என்று முதலில் சொன்னது இதைத்தான். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப்பணத்தையும் பெறலாம். முதல் ஆறு மாதத்துக்குள் குறை தெரியவந்தால் அது வாங்கும்போதே இருந்தது என்று கொள்ளப்படும். இல்லையென்று நிறுவ வேண்டியவர் கடைக்காரரே. பொறுப்பு விற்றவருடையது. “தயாரித்த நிறுவனத்துக்கு எழுதுங்கள்” என்று அவர் தட்டிக்கழிக்க முடியாது. இணையத்தில் வாங்கியதாயின், பொருள் கையில் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்று அறிவிக்கலாம். ஆனால் நமக்கென்றே தனியாகச் செய்த பொருளுக்கு இந்த 14 நாள் உரிமை இல்லை. ஆகையால் சொல்லிச் செய்விக்கும்போது இதை முற்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயத்தக் கணனிக்கு ஒரு கடை, ஒரு ரசீது, ஒரு பொறுப்பாளி. நாமே பூட்டினால் எட்டுப் பாகத்துக்கும் ரசீதுகள் வேறு வேறு. சட்டம் ஒவ்வொரு பாகத்துக்கும் உண்டு என்பது மெய்தான். ஆனால் எந்தப் பாகம் பழுது என்று கண்டுபிடிக்கும் வேலை நம்முடையது. திரை கறுப்பாக இருக்கிறது என்றால் குற்றவாளி ரேமா, கார்ட்டா, மதர்போர்ட்டா, பவர் சப்ளையா? ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். மாற்றிப் பார்க்க இன்னொரு பாகம் வீட்டில் இருக்காது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, கிரெடிட் கார்டில் வாங்கும் 100 பவுணுக்கு மேற்பட்ட, 30,000 பவுணுக்கு உட்பட்ட பொருளுக்குக் கடையோடு வங்கியும் பொறுப்பு. கடை மூடப்பட்டாலும் வங்கியிடம் கேட்கலாம். ஆனால் இது தனித்தனிப் பொருளின் விலைக்கே பொருந்தும். ஆயிரம் பவுண் கணனி முழுதும் இதற்குள் அடங்கும். பாகங்களாக வாங்கினால் 70 பவுண் பவர் சப்ளை இதற்குள் அடங்காது.

பூட்டுவோர் கவனிக்க

இவ்வளவும் சொன்னதால் பூட்டுவது கூடாது என்று பொருளல்ல. பூட்டுபவருக்குக் கிடைக்கும் நன்மைகள் உண்மையானவை. கண்ணில் படாத பாகங்களுக்கும் நல்லதையே தெரிவுசெய்யலாம். பின்னர் ஒன்றை மட்டும் மாற்றிக் கணனியின் ஆயுளை நீட்டலாம். 2017இல் ஏஎம்டி நிறுவனத்தின் முதலாவது ரைசன் புரொசெசரோடு வாங்கிய மதர்போர்ட்கள் பலவற்றில், 2022இல் வந்த புரொசெசரையும் பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்துப் போட முடிந்தது. ஐந்து வருடத்தின்பின் ஒரு பாகத்தின் விலையில் கணனி புதிதாயிற்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் அந்த வழி திறந்திருந்தது.

முதன்முறை பூட்டுவோர் ஒரு முழுநாளை ஒதுக்க வேண்டும். கம்பளத்தில் வேண்டாம், மேசையில் வைத்துச் செய்யுங்கள். உடலில் சேரும் நிலைமின் பாகங்களைக் கெடுக்கக்கூடியதாகையால், இடையிடையே பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். புரொசெசரை அதன் இருக்கையில் அழுத்தக்கூடாது, அடையாளம் பார்த்து மெதுவாக வைக்க வேண்டும். இருக்கையில் உள்ள ஊசிகள் வளைந்தால் கடையில் மாற்றித் தரமாட்டார்கள். கூலரின் அடியிலுள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக்கூடாது. ரேம் இரண்டு துண்டாயின் பெரும்பாலான மதர்போர்ட்களில் புரொசெசரிலிருந்து இரண்டாவது, நான்காவது துவாரங்களில் போட வேண்டும், கையேட்டைப் பார்த்து உறுதிசெய்க. கிராபிக்ஸ் கார்ட்டின் மின்செருகியை முழுவதும் உள்ளே போகும்வரை தள்ள வேண்டும். அரைகுறையாகச் செருகினால் சூடேறி உருகக்கூடும்.

இரண்டு விடயங்களைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பவர் சப்ளையின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. சுவரிலிருந்து கழற்றிய பின்பும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். மேலும், ஒரு பவர் சப்ளையோடு வந்த கேபிளை வேறொன்றில் செருகக்கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பி ஒழுங்கு வேறாக இருக்கலாம். எஸ்எஸ்டியும் அதிலுள்ளவையும் ஒரு நொடியில் எரிந்துபோகும்.

நடுவழி ஒன்று

பாகங்களை நாம் தெரிவுசெய்து கொடுக்க, அவற்றைப் பூட்டிச் சோதித்து உத்தரவாதத்தோடு தரும் கடைகள் பிரித்தானியாவில் பல உண்டு. பெயர் தெரிந்த, பொது அளவுள்ள பாகங்கள் கிடைக்கும். பொறுப்பாளியும் ஒருவராக இருப்பார். பூட்டுகூலி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உத்தரவாதம் எத்தனை வருடம், அதில் எத்தனை வருடம் பாகத்துக்கு, எத்தனை வருடம் வேலைக்கு மட்டும், பழுதானால் எடுத்துச் செல்லும் செலவு யாருடையது, நாமே பின்னர் ரேம் சேர்த்தால் உத்தரவாதம் செல்லுமா ஆகிய ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எது யாருக்கு?

வீட்டில் திறந்து பார்க்கத் தெரிந்தவர் எவருமில்லை, பிள்ளை பரீட்சை ஆண்டில் இருக்கிறது, பாடவேலைக்கும் அதே கணனிதான் என்றால், தயங்காமல் ஆயத்தமானதையோ நடுவழியையோ எடுங்கள். பரீட்சைக்கு முந்திய வாரம் கணனி நின்றால், மிச்சம் பிடித்த எண்பது பவுண் ஆறுதல் தராது. வீட்டில் கை பழகிய ஒருவர் இருக்கிறார், அல்லது பிள்ளைக்கு உண்மையான ஆர்வமும் பொறுமையும் உண்டு, ஒரு வாரம் கணனியின்றி இருந்தாலும் நட்டமில்லை என்றால் பூட்டுங்கள்.

ஆர்வம் உண்மையானதா என்று அறிய ஒரு சோதனை உண்டு. எட்டுப் பாகங்களின் பெயரையும் விலையையும், ஒவ்வொன்றும் ஏன் தெரிவானது என்பதையும் ஒரு தாளில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரும்படி பிள்ளையிடம் கேளுங்கள். எழுதித் தந்தால் அந்தப் பிள்ளையை நம்பலாம். கிராபிக்ஸ் கார்ட்டின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றுக்கு “ஏதாவது” என்று போட்டிருந்தால் இன்னும் ஆறு மாதம் பொறுக்கலாம். காசு பெற்றோருடையதாயினும், முடிவில் பிள்ளையின் உழைப்பும் கலந்திருக்கட்டும். தான் பூட்டிய பொருளைப் பிள்ளை பேணும் விதமே வேறு.

வாங்கிய பின் வரும் செலவையும் மறக்க வேண்டாம். விளையாடும்போது 400 வாட் இழுக்கும் கணனி நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 30 பென்ஸ், மாதத்துக்கு ஒன்பது பவுண். மணி நேரத்துக்கு வரம்பு வைப்பதற்குப் பெற்றோருக்கு இதுவும் ஒரு நியாயமான காரணம்.

நமது சங்கத்து இளைஞர்களிடையே கணனி பூட்டத் தெரிந்தவர்கள் உள்ளனர். கடைக்குப் போகுமுன் அந்தத் தாளை அவர்களிடம் ஒருமுறை காட்டுங்கள். பூட்டும் நாளில் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லியும் கேட்கலாம். சரசுவதி பூசையன்று கருவிகளையும் புத்தகங்களையும் வைத்து வணங்குகிறோம். தான் அறிந்ததை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் காட்டிக்கொடுப்பதும் அந்த வழிபாட்டில் சேர்ந்ததே.

அடுத்த இதழில், 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு நின்றபின், வீட்டில் இருக்கும் பழைய கணனிகளை என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.